படிப்பினை யாது?

ஒக்டோபர் பிறந்தால் இலங்கைப் பாடசாலைகளில் வாசிப்பு மாதம். யாழ்ப்பாணத் தீவகத்தின் சரவணையிலும் வேலணையிலும் புத்தகக் கண்காட்சி, கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி என்று சில வாரங்கள் கலகலப்பாகக் கழியும். கூடவே பிள்ளைகளின் கையில் ஒரு வாசிப்புக் குறிப்பேடு. நூலின் பெயர், ஆசிரியர் பெயர், கதைச்சுருக்கம், பிடித்த பாத்திரம், கடைசியில் தவறாமல் ஒரு கேள்வி: இக்கதையிலிருந்து நீ பெற்ற படிப்பினை யாது?

வாசித்ததைப் பற்றிப் பிள்ளை யோசிக்க வேண்டும் என்பதுதான் இந்த ஏட்டின் நோக்கம். அந்த நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஏடு இல்லாவிட்டால் பல பிள்ளைகள் பாடப்புத்தகத்துக்கு வெளியே ஒரு கதைப்புத்தகத்தையும் தொட மாட்டார்கள் என்பதும் உண்மை. சுருக்கம் எழுதப் பழகும் பிள்ளை எது முக்கியம், எதை விடலாம் என்று தெரிவுசெய்யக் கற்கிறது. சிறு வேலை அன்று அது. என் குறையெல்லாம் அந்தக் கடைசிக் கேள்வியோடுதான்.

தாகங்கொண்ட காகத்தின் கதையை எடுத்துக்கொள்வோம். குடத்தின் அடியில் கொஞ்சத் தண்ணீர்; காகம் கல்லைப் பொறுக்கிப் போடுகிறது; நீர் மேலே வருகிறது. 'முயற்சி செய்தால் வெற்றி கிடைக்கும்' என்று வகுப்பு முழுவதும் எழுதும், கதையை வாசிக்காத பிள்ளை உட்பட. ஆனால் கோடையில் கிணறு உவர்த்துப்போய், குடிதண்ணீருக்குப் பவுசரைப் பார்த்திருக்கும் தீவகத்துப் பிள்ளையிடம் கதையைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்து பாருங்கள். "அது நல்ல தண்ணியோ, உவர்த் தண்ணியோ?" என்று கேட்க அதற்கு எல்லா நியாயமும் உண்டு. இன்னொரு பிள்ளை செம்பையும் கல்லையும் எடுத்துச் செய்து பார்த்தால் கதையே ஆட்டங்காணும். தண்ணீர் மிகக் குறைவாக இருந்தால் அது கற்களின் இடுக்குகளுக்குள்ளேயே நின்றுவிடும். செம்பு நிறையக் கல் போட்டாலும் கல்லுக்கு மேலே வராது. குடத்தில் முன்கூட்டியே ஓரளவு நீர் இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கதை சொல்லாமல் விட்டிருக்கிறது. முயற்சி எப்போது பலிக்கும், எப்போது பலிக்காது என்பதை அந்தப் பிள்ளை கண்டுபிடித்துவிட்டது. குறிப்பேட்டில் அதை எழுத ஒரு கட்டமும் இல்லை.

வாசித்ததைப் பொருள் விரித்துப் பார்க்கும் வழக்கம் எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் புராணபடனம் நெடுங்காலமாக நடந்துவருகிறது. ஒருவர் செய்யுளை இராகத்தோடு பிரித்து வாசிக்க, மற்றவர் பயன் சொல்வார். கந்தபுராணம், பெரியபுராணம், திருவெம்பாவைக் காலத்தில் திருவாதவூரடிகள் புராணம். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணப் பண்பாட்டுக்குக் 'கந்தபுராண கலாசாரம்' என்று பேர்வைத்ததன் பின்னால் இந்த வாசிப்பும் இருக்கிறது. இதன் பெரிய பலம் நிதானம். ஒரு சொல்லைக்கூடத் தாண்டிப் போக முடியாது. செய்யுள் பிரியாமல் பொருள் வராது. பள்ளிக்கூடம் போகாதவர்களும் இருந்து கேட்டுப் பெரிய இலக்கியத்தில் பழகினார்கள். அதன் குறையும் அந்த அமைப்புக்குள்ளேயே இருக்கிறது: பயன் சொல்பவர் ஒருவர், கேட்பவர்கள் மற்ற எல்லாரும். கேட்டுக்கொண்டிருக்கும் சிறுவனுக்குக் கந்தபுராணத்து அசுரன் சூரபன்மன் மேல் இரக்கம் வந்தால், அதைச் சொல்ல அங்கே இடமில்லை.

ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடையிலும் பிள்ளைக்கு அந்த இடமில்லை: கேள்வியும் ஆசிரியருடையது, பதிலும் ஆசிரியருடையது. மிசனரிகளின் பிரசாரத்துக்கு நடுவே சமயத்தைப் பிள்ளைகளின் மனதில் ஊன்ற அந்த வடிவம் அவருக்குப் பொருந்தியது. அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வடிவத்தை இலக்கியத்துக்கும் கொண்டுவந்து, ரியூசன் கொப்பியில் நிரந்தரமாகக் குடிவைத்தது பிறகு வந்த நாங்கள். க.பொ.த. சாதாரண தரத்துக்குத் தமிழ்மொழியும் இலக்கியமும் படிக்கும் பிள்ளைக்குக் கவிதை கைக்கு வருமுன்னரே அதன் நயம் வந்துவிடுகிறது: உவமைச் சிறப்பு, ஓசைச் சிறப்பு, கற்பனைச் சிறப்பு. எந்தக் கவிதைக்கும் பொருந்தும் சிறப்புகள் அவை.

அப்படியானால் பிள்ளையைத் தன்பாட்டில் விட்டுவிட்டால் போதுமா? இங்கேதான் 'சுதந்திர வாசிப்பு' என்று மேடையில் முழங்குகிறவர்களோடும் நான் வேறுபடுகிறேன். கேம்பிரிட்ஜில் இலக்கிய விமர்சகர் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கவிதைகளை எழுதியவர் பெயரில்லாமல் மாணவர்களிடம் கொடுத்து, தோன்றியதை எழுதச் சொன்னார். விளைவுகளை 1929இல் நூலாக வெளியிட்டார். நன்கு படித்த பிள்ளைகளே கவிதையின் நேர்ப்பொருளைக்கூடத் தவறவிட்டிருந்தார்கள். பலர் எங்கோ கேட்டுப் பழகிய உணர்ச்சிகளைக் கவிதைமேல் ஏற்றியிருந்தார்கள். சொந்தக் கருத்து என்று வெளிவருவதில் பாதி கடன் வாங்கியதாக இருக்கலாம். 'உனக்கு என்ன தோன்றுகிறது?' என்று மட்டும் கேட்டால், 'நல்ல கதை, எனக்குப் பிடித்தது' என்ற பதில்தான் வரும். சில பிள்ளைகள் கதையை விட்டுவிட்டுத் தங்கள் வீட்டு நாயைப் பற்றி எழுதும். நாய் சுவையான விஷயந்தான். ஆனால் வாசிப்பு அங்கே நடக்கவில்லை.

புராணபடனத்தின் நிதானமும், அதில் கிடைக்காத கேட்கும் உரிமையும் ஒரே வகுப்பில் சேர வேண்டும் என்பதே என் கட்சி. முதலில் சொல், பிறகு கேள்வி, அதன்பிறகு கருத்து. கருத்துச் சொல்லும் பிள்ளையிடம் "எந்த வரியைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?" என்று ஆசிரியர் கேட்டால் பாதி வேலை முடிந்தது. மாறான கருத்தோடு இன்னொரு பிள்ளை எழுந்தால் மீதியும் முடிந்தது. மறுத்து வாசிப்பது தீவகத்துக்கு ஒவ்வாத பழக்கம் என்று ஒருவரும் சொல்ல முடியாது. அடுத்த தீவான புங்குடுதீவின் எழுத்தாளர் மு. தளையசிங்கம் பாடசாலை ஆசிரியராக இருந்துகொண்டே 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி'யில் அன்று செல்வாக்கோடு இருந்த முற்போக்கு விமர்சகர்களோடு மோதினார். அவர் முடிவுகளோடு உடன்படாதவர்களும் அவர் தானாக வாசித்தார் என்பதை மறுக்க மாட்டார்கள்.

ஆசிரியர்களின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளியை வைத்துத்தான் பெற்றோர் பாடசாலையை அளக்கிறார்கள். உவர்த் தண்ணீர்க் கேள்விக்குப் புள்ளி போடப் புள்ளித்திட்டம் இல்லை. 1990இலும் பின்னரும் போரால் இடம்பெயர்ந்தவர்களின் வீடுகளில் புத்தக அலுமாரிகளும் போயின. வீட்டில் வாசித்துக் காட்டப் பெரியவர்கள் இல்லாத பிள்ளைக்கு ஆசிரியர்தான் எல்லாம். இவை மெய்யான தடைகள். ஆனாலும் குறிப்பேட்டுக்குப் புள்ளி போட வேண்டும் என்று எந்தப் பரீட்சையும் கேட்கவில்லை. அந்த ஒரு ஏட்டிலாவது ஆசிரியருக்குச் சுதந்திரம் உண்டு. நூல்கள் இல்லை என்ற குறையும் முன்போல் இல்லை. 2005இல் தொடங்கிய நூலகத் திட்டம் ஈழத்து நூல்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. சரவணைக் கவிஞர் தில்லைச்சிவனைச் சரவணைப் பிள்ளைகள் வாசிக்காமல் இருக்க இனி நல்ல காரணம் எதுவும் கிடையாது.

ஆகவே குறிப்பேடு இருக்கட்டும், சுருக்கமும் இருக்கட்டும். ஆசிரியர்களே, அடுத்த ஒக்டோபரில் அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் வெட்டிவிடுங்கள். அந்த இடத்தில், திரும்ப வாசித்த ஒரு வரியையும் கதையிடம் கேட்க விரும்பும் ஒரு கேள்வியையும் பிள்ளை எழுதட்டும். சிவப்புப் பேனையை அந்தப் பக்கத்தில் வைக்காதீர்கள்.