கதைக்கு ஓர் எண்

நாட்டார் வழக்காற்றியலில் எனக்கு மிகவும் பிடித்த நூல் கதைவகை அடைவு. பின்லாந்தின் ஆன்ட்டி ஆர்னே 1910இல் தொடங்க, அமெரிக்கர் ஸ்டித் தாம்சன் 1928, 1961 பதிப்புகளில் விரித்தார். ஜெர்மானியர் ஹான்ஸ்-யோர்க் ஊத்தர் 2004இல் செப்பனிட்டார். பாட்டிகள் இரவெல்லாம் சொன்ன கதைகள் அதில் சில வரிகளாகச் சுருங்கி, எண் பெற்றுவிடும். சிவப்புத் தொப்பிச் சிறுமி 333. ஆட்டுக்குட்டிகளை ஏய்க்கும் ஓநாய் 123.

2013இல் மானிடவியலாளர் ஜாம்ஷித் தெஹ்ரானி, உயிரினங்களின் மரபுவழி உறவைக் கணிக்கும் முறையால் 58 கதை வடிவங்களை ஒப்பிட்டார். அந்த இரண்டும் தனித்தனி வகைகள்தாம் என்று உறுதிப்பட்டது; கிழக்காசியாவின் புலிப்பாட்டிக் கதை இரண்டின் கலவை. சொன்னவரின் குரலை அடைவு தராது. அதற்குக் களத்துக்குத்தான் போகவேண்டும். ஆனால் ஒரு கதையின் சொந்தபந்தங்களைத் தேடுபவருக்கு இதைவிட நல்ல துணை கிடையாது.