எட்டு மணிக்குப் பூட்டும் கதவு

வர்ஜீனியா வுல்ஃபின் ‘தனக்கென ஓர் அறை’யில் (1929), கல்லூரி ஆசிரியர் துணையோ அறிமுகக் கடிதமோ இல்லாத பெண் நூலக வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுகிறாள். நான் படித்த தனியார் பல்கலைக்கழகத்தில் அதைப் பழங்கதையாகவே நடத்தினார்கள். எங்கள் நூலகம் இரவு 11 மணி வரை திறந்திருக்கும். பெண்கள் விடுதிக் கதவை 8 மணிக்கே பூட்டிவிடுவார்கள். கட்டணம் மட்டும் இருபாலருக்கும் ஒன்றுதான். கேட்டால், “உங்க பாதுகாப்புக்குத்தான்மா” என்பார் வார்டன். பாதுகாப்பைக் காரணம் காட்டி விடுதி மாணவிகளுக்குப் பாரபட்சமான விதிகள் கூடாதென்று பல்கலைக்கழக மானியக் குழுவின் ‘சக்‌ஷம்’ அறிக்கை 2013இலேயே சொல்லிவிட்டது. வுல்ஃபின் நூலில் வழிமறித்த மனிதராவது தணிந்த குரலில் வருந்தினார். எங்களுக்கு, ஐந்து நிமிடம் பிந்தினாலும் அப்பாவுக்குப் போன் போகும். பருவத் தேர்வில் அந்த நூலகக் காட்சி 10 மதிப்பெண் கேள்வியாக வந்தது. 8 மணிக்குள் படித்ததை வைத்து எழுதினேன்.