குழந்தையின் முகமும் மன்றின் முகமும்
சிறுவர் நல வழக்குகள் பற்றிய விவரணப்படங்கள்: சித்தாண்டியிலிருந்து ஒரு நோக்கு

சிறுவர் நலன் பற்றிய வழக்கொன்றைத் திரையிலே கூற முற்படும் கலைஞன் இரு கடமைகளுக்கிடையே நிற்கின்றான். பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கவும் மீளச் சேர்க்கவும் வல்ல அதிகாரம் எவ்வாறு இயங்குகின்றது என்பதை ஊரறியச் செய்தல் ஒன்று. அப்பிள்ளை வாழ்நாள் முழுவதும் அவ்வழக்கின் அடையாளத்தைச் சுமவாது காத்தல் மற்றொன்று. முன்னதற்கு வெளிச்சம் வேண்டும். பின்னதற்கு மறைப்பு வேண்டும். இவ்விரண்டும் எவ்வாறு இணைக்கப்பட்டுள்ளன என்பதே இத்துறைப் படங்களை மதிப்பிடுதற்கான உரைகல் எனலாம்.

இக்கேள்வி மட்டக்களப்பு வாவிக்கரைக்குப் புதிதன்று. வாவியின் வடபாகத்தை அடுத்துச் சித்தாண்டி அமைய, தென்முனைக்கு அண்மையில் உள்ளது கல்முனை. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை அடித்த அன்று கல்முனை வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்ட ஆண்குழந்தையொன்று, அன்றைய 81ஆவது நோயாளி என்பதால், உலகச் செய்தித் தாபனங்களால் அவ்விலக்கத்தையே பெயராகப் பெற்றது. ஒன்பது தாய்மார் அதற்கு உரிமை கோருகின்றனர் என்ற செய்தி எங்கும் பரவிற்று. நீதிமன்றிலே முறைப்படி உரிமை கோரியவர்களோ ஒரே தம்பதியினர். 2005 பெப்ரவரியில், நீதிமன்றம் பணித்த மரபணுச் சோதனையின் முடிவின்படி, குழந்தை அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அனைத்தையும் கடல் கொண்டுபோன பின்னர் பெற்றோர் தம்மைப் பெற்றோரென எவ்வாறு நிறுவுவது என்பதே மன்றின் முன்னிருந்த வினா. கூறப்பட்ட கதையிலே அவ்வினா பின்தள்ளப்பட்டது. குழந்தையின் முகமும் தாய்மாரின் போட்டியும் முன்வந்தன. முகத்தைப் பற்றிக்கொண்ட கதை உண்மையைக் கைவிட நேர்ந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அமெரிக்காவின் பிரெடரிக் வைஸ்மன் 1973இல் வெளியிட்ட ‘சிறுவர் நீதிமன்றம்’ இத்துறையின் தலையாய ஆக்கம். மெம்பிஸ் நகரின் மன்றொன்றிலே படமாக்கப்பட்ட இதில் வருணனையாளரின் குரல் இல்லை, பேட்டியும் இல்லை. இரண்டு மணித்தியாலத்துக்கும் மேலாக வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து செல்கின்றன. இறுதி வழக்கிலே, தான் குற்றமற்றவன் என இளைஞனொருவன் மன்றாட, அவனுடைய நன்மையின் பெயரால் பெரியவர்கள் வேறொரு முடிவுக்கு வருகின்றனர். கருணையும் அதிகாரமும் ஒரே நாவால் பேசும் அவ்விடத்தை வைஸ்மன்போலக் காட்டியவர் அரியர். ஆயினும் அவரது படத்திலே பிள்ளைகளின் முகங்கள் மறைக்கப்படவில்லை. ஐம்பதாண்டு கடந்தும் அப்பிள்ளைகள் அதே மன்றிலேயே நிற்கின்றனர். படத்தின் பெருமைக்கு அவர்கள் கொடுத்த விலையைத் திறனாய்வாளர் கணக்கிற் கொள்ளாதிருத்தல் தகாது.

பிரேசில் நாட்டு மரியா அகுஸ்தா ராமோசின் ‘ஜுயீசோ’ (2007) இக்குறைக்கு மாற்றுத் தேடியது. குற்றஞ்சாட்டப்பட்ட சிறுவரின் அடையாளத்தை வெளியிட அந்நாட்டுச் சட்டம் இடந்தருவதில்லை. ராமோஸ் முகங்களைக் கலங்கலாக்கி அமையவில்லை. நீதிபதி, வழக்குரைஞர், பெற்றோர் ஆகிய யாவரையும் உள்ளவாறே படமாக்கினார். பிள்ளைகளின் இடத்திலே மாத்திரம், அவர்களை ஒத்த சூழலில் வாழும் வேறு இளையோரை அமர்த்தி, அதே சொற்களைப் பேசச் செய்தார். விளைவு குறிப்பிடத்தக்கது. பார்வையாளனின் கவனம் பிள்ளையின் முகத்திலிருந்து விலகி, வினவுகின்ற நீதிபதியின் முகத்திலே பதிகின்றது. சட்டம் விதித்த தடை கலையின் வாய்ப்பாக மாறிற்று.

குடும்பத்தை மையமாகக் கொண்ட மன்றுகளை நோக்கி இவ்வகைக் கதைகூறலை நகர்த்தியது ஸ்டெபனி வாங்-பிறியலின் 2014ஆம் ஆண்டுப் படமான ‘கடுமையான அன்பு’. நியூயோர்க்கிலே ஒரு தாயும் சியாற்றிலிலே ஒரு தந்தையும், அரசின் பராமரிப்பிலுள்ள தம் பிள்ளைகளை மீளப்பெறப் படும் பாடு இதன் பொருள். சியாற்றிலின் குடும்பச் சிகிச்சை மன்றிலே நீதிபதி தந்தையுடன் நேரிற் பேசுகின்றார், முன்னேற்றத்தைப் பாராட்டுகின்றார். பெற்றோரைக் குற்றவாளியாகவன்றி மீளக்கூடிய மனிதராக நோக்குதல் இப்படத்தின் வலிமை. ஆயினும் இங்கு குடும்பம் என்பது பெரிதும் ஒரு பெற்றோரும் பிள்ளையுமே. அவ்வொருவரின் திருத்தமே யாவற்றுக்கும் அளவுகோல்.

இவ்வளவுகோல் சித்தாண்டிக்குப் பொருந்துவதன்று. கிழக்கிலங்கையிலே மணமான மகளுக்கு வீடு சேர்வதும், மருமகன் அவ்வீட்டுக்கு வருவதும் பரவலான வழக்கு. தாய்வழிக் குடி, கோயில் திருவிழா உரிமைகளில் இன்றும் விளங்குவது. எனவே பிள்ளை வளர்வது ஒரு தாயிடம் மாத்திரமன்று. பெத்தாவும் சின்னம்மாவும் கூடிய வளவிலேயே அது வளர்கின்றது. மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் சென்ற தாயொருத்தியின் பிள்ளையை அவ்வளவே தாங்குகின்றது. 2013இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை விதியோ, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள பெண் வெளிநாடு செல்வதைத் தடுத்தது. அவ்வயதெல்லை 2022இலேயே குறைக்கப்பட்டது. அரசு தாயொருத்தியையே தேடிற்று. வளவு அதன் கண்ணிற் படவில்லை.

1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம், பிள்ளையைப் பொறுப்பேற்க முன்வரும் தகுதியுடைய ஆளிடம், அவர் உறவினராயினும் பிறராயினும், மன்று ஒப்படைக்க இடந்தருகின்றது. அவ்வழியே பெத்தாவும் மன்றிலே இடம்பெறலாம். நியூசிலாந்து 1989இல் இயற்றிய சட்டம் இன்னும் ஒருபடி மேலே சென்று, மாவோரி மக்களின் உறவுமுறையை மனங்கொண்டு, பரந்த குடும்பம் கூடியிருந்து தீர்மானிக்கும் அவையைச் சட்டமாக்கிற்று. சித்தாண்டியைப் பற்றி எழக்கூடிய விவரணப்படம் குடும்பத்தை இவ்வகலத்திலே காட்டுதல் வேண்டும்.

இங்கேதான் இடர் எழுகின்றது. மேற்கூறிய இலங்கைச் சட்டம் சிறுவர் நீதிமன்ற வழக்கிலே பிள்ளையின் பெயர், முகவரி, பாடசாலை, படம் ஆகியன செய்தித்தாளில் வெளிவருவதைக் கட்டுப்படுத்துகின்றது. மாநகரிலே இது போதுமாகலாம். சித்தாண்டி போன்ற ஊரிலோ கிணற்றடியும், வேலியும், தாயின் குரலும் போதும். வழக்கு எவ்வீட்டதென்று ஊர் அறிந்துவிடும். குடும்பத்தை எவ்வளவு விரிவாகக் காட்டுகின்றோமோ, பிள்ளை அவ்வளவுக்கு இனங்காணப்படும். உண்மையும் பாதுகாப்பும் இங்கு நேர் எதிராகின்றன.

இதற்கான விடை இம்மண்ணிலேயே உண்டு. கூத்துக் களரியிலே வேடம் புனைந்தவன் அவ்வேடத்துக்குரியவன் அல்லன் என்பதை ஊர் அறியும், அறிந்தும் அழுகின்றது. பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தை நவீன அரங்குக்குக் கொணர்ந்தபோது மெய்ப்பிக்கப்பட்டதும் அவ்வாற்றலே. ராமோஸ் சட்டத்தின் நெருக்குதலாற் கண்ட வழி, இங்கு மரபாகவே கிடக்கின்றது. பல வழக்குகளின் கூறுகளை ஒன்றிணைத்து, பிள்ளையையும் வளவையும் கூத்தர் தாங்க, நீதவானும் நன்னடத்தை அலுவலரும் தாமாகவே தோன்றுவாராயின், மறைக்கவேண்டியது மறையும், காட்டவேண்டியது தெளியும்.

கல்முனைக் குழந்தைக்கு ஓர் இலக்கம் பெயராயிற்று. அடுத்த பிள்ளைக்கு அவ்வாறு நேராதிருத்தல் சட்டத்தின் பொறுப்பு மாத்திரமன்று. கதை கூறுபவனின் பொறுப்பும் அதுவே.