குழந்தைகள் அறிவியல் மாநாடு: லாக் புக்கை யார் படிக்கிறார்கள்?

கடந்த சில வருடங்களில் தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் எழுதிய ஆய்வறிக்கைகள் ஒரு முப்பதாவது படித்திருப்பேன். எக்செல்லில் கிராஃப் போட்டுத் தர ஆள் வேண்டும் என்று யாராவது கூப்பிடுவார்கள். எங்கள் தெருவில் அதற்கு நான்தான் ஆள். படித்ததில் பாதிக்கு மேல் ஒரே வரியில் முடிகின்றன: "மக்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்." ஏரி பற்றிய ஆய்வானாலும் சரி, கொசு பற்றியதானாலும் சரி, கேன்டீன் எண்ணெய் பற்றியதானாலும் சரி. தண்ணீர் பற்றியது என்றால் கூடுதலாக ஒரு வரி இருக்கும்: "மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்க வேண்டும்." தமிழ்நாட்டில் அது 2003லேயே கட்டாயமாகிவிட்டது, எழுதிய பிள்ளை பிறப்பதற்கு முன்பே.

பிள்ளைகளைக் கிண்டல் பண்ண இதைச் சொல்லவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளை மூன்று மாதம் ஒரு விஷயத்தை அளந்துவிட்டுக் கடைசியில் இப்படி எழுதுகிறது என்றால், அந்த வரி எங்கிருந்தோ கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது. எங்கிருந்து என்பதுதான் என் கேள்வி.

தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. 1991ல் மத்தியப் பிரதேசத்தில் குவாலியர் அறிவியல் மையம் ஆரம்பித்த முயற்சி இது. 1993 முதல் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆதரவில் நாடு முழுக்க நடந்தது. தமிழ்நாட்டில் இதை எடுத்து நடத்தியவர்கள் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர். "துளிர்" இதழ் கொண்டு வருகிறார்களே, அவர்கள்தான். 10 முதல் 17 வயது வரை யாரும் சேரலாம், பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் உட்பட. இரண்டு வருடத்துக்கு ஒரு கருப்பொருள். அதற்குள் உங்கள் ஊர் விஷயம் ஒன்றை எடுத்துக்கொண்டு சில மாதம் கவனித்து, அளந்து, நோட்டில் குறித்து, அறிக்கை எழுதி, நடுவர்கள் முன்னால் எட்டு நிமிடம் பேச வேண்டும். தேசிய அரங்கில்கூடத் தமிழிலேயே பேசலாம். வினிகரும் சோடா உப்பும் ஊற்றி எரிமலை வெடிக்க வைக்கும் சயின்ஸ் எக்ஸிபிஷனோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு மேலான ஏற்பாடு என்று சொல்லத் தேவையில்லை. இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் 10,000 ரூபாய் தருகிறார்கள், அதற்கு ஒரு மாடல் செய்து காட்ட வேண்டும். இங்கே காட்ட வேண்டியது அளந்ததை. எனக்கு இதுதான் பிடிக்கும்.

பிடித்ததால்தான் இந்த விமர்சனமும்.

மதிப்பெண் தலைப்புகளைப் பாருங்கள். கருத்தின் புதுமை, கருப்பொருளோடு பொருத்தம், தரவு சேகரிப்பு, பகுப்பாய்வு, குழுவாக வேலை செய்தது என்று வரிசையாக வரும். எல்லாம் நியாயம். கூடவே பிரச்சினைக்குத் தீர்வு காணும் முயற்சி, தொடர் நடவடிக்கை என்றும் கேட்கிறார்கள். கேட்கிறார்கள் என்றால் நிரப்பித்தானே ஆகணும்? ஐந்து கிணற்றை மூன்று மாதம் அளந்த பிள்ளையிடம் "சரி, தீர்வு என்ன?" என்றால் அது என்ன செய்யும், பாவம். விழிப்புணர்வு என்று எழுதும். ஒரு நாடகம் போடும், துண்டுப் பிரசுரம் அடிக்கும், ஃபோட்டோ எடுத்து அறிக்கையில் ஒட்டும். அளந்ததில் பாதி, "இந்த எண் ஏன் இப்படி வந்தது என்று புரியவில்லை" என்ற இடத்தில் நிற்கிறது. அப்படி நிற்பதற்கு மதிப்பெண் தரும் தலைப்பு எதுவும் என் கண்ணில் படவில்லை.

அடுத்து காலண்டர். இதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. கோவிடுக்கு முன்பு வரை தேசிய மாநாடு பெரும்பாலும் டிசம்பர் 27 முதல் 31 வரை நடந்தது. அப்படியானால் மாநிலச் சுற்று அதற்கு முன்னால், மாவட்டச் சுற்று அதற்கும் முன்னால். ஜூலையில் ஆரம்பித்து அக்டோபரில் அறிக்கை கையில் இருக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாநிலங்களுக்கு இது கச்சிதம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, அதை அளந்து முடித்து எழுதலாம். நமக்கு? சென்னையின் வருட மழை சுமார் 140 செ.மீ. அதில் ஏறக்குறைய 60 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டுகிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதே அக்டோபர் 20 வாக்கில். அதாவது சிட்லபாக்கம் ஏரியிலோ மாடம்பாக்கம் ஏரியிலோ பார்க்க வேண்டியது நடக்கத் தொடங்கும்போது, நம் பிள்ளைகள் அறிக்கைக்கு ஸ்பைரல் பைண்டிங் போட்டு முடித்திருக்கிறார்கள்.

2014, 2015 இரண்டு வருடங்களுக்கும் கருப்பொருள் என்ன தெரியுமா? வானிலையையும் காலநிலையையும் புரிந்துகொள்வது. 2015 டிசம்பர் 2 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. மீனம்பாக்கத்தில் 35, நுங்கம்பாக்கத்தில் 29. முடிச்சூரும் வரதராஜபுரமும் தண்ணீரில் நின்றதை இங்கே இருப்பவர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டாம். மாவட்டச் சுற்றுக்கு எழுதிய அறிக்கை எதிலும் அந்த மழை இருந்திருக்க வழியில்லை.

அந்த மூன்று எண்களையும் இன்னொரு தடவை பாருங்கள். தாம்பரத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் ரயிலில் கால் மணி நேரம். வித்தியாசம் 14 செ.மீ. ஐந்து ஸ்டேஷன் தள்ளி மழை இவ்வளவு மாறுகிறது என்றால், முடிச்சூரில் ஒரு பள்ளி மொட்டை மாடியில் இரண்டு லிட்டர் பாட்டிலை வெட்டிக் கழுத்தைப் புனலாகக் கவிழ்த்து, அடியில் பள்ளம் மேடு மறையும்வரை தண்ணீர் ஊற்றி, அந்த இடத்தைப் பூஜ்யம் என்று குறித்து, தினம் காலை எட்டரைக்கு ஸ்கேல் வைத்து அளக்கும் பிள்ளையின் எண் விளையாட்டு கிடையாது. வானிலைத் துறை அளப்பதும் அதே எட்டரை மணிக்குத்தான். இரண்டு வருடக் கருப்பொருள் என்பதால் ஒரு வழி இருக்கிறது: முதல் வருட அக்டோபரில் அளக்க ஆரம்பித்து, இரண்டாம் வருட மாநாட்டில் வைக்கலாம். யாரும் செய்வதில்லை. வகுப்பு மாறிவிடும், வழிகாட்டி ஆசிரியர் மாறிவிடுவார், ஒன்பதாம் வகுப்பு வந்ததும் டியூஷன்.

இப்போது லாக் புக். விதிப்படி கட்டாயம். தினசரி என்ன செய்தோம், என்ன பார்த்தோம் என்று எழுத வேண்டும். ராஜகீழ்ப்பாக்கத்தில் எட்டாம் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் ஐந்து வீட்டு உறைக்கிணறுகளை எடுத்துக்கொண்டார்கள். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, தண்ணீர் வரை எத்தனை அடி என்று ஒவ்வொரு ஞாயிறு காலையும் அளந்தார்கள். பன்னிரண்டு வாரம். அறிக்கையில் ஒன்பது வாரம்தான் இருந்தது. கிராஃப் போட உட்கார்ந்தபோது, "மீதி மூணு எங்கம்மா?" என்றேன். "அது தப்பா வந்துடுச்சு அங்கிள். ஜட்ஜ் கேட்டா பதில் சொல்லத் தெரியாதுன்னு மிஸ் எடுக்கச் சொல்லிட்டாங்க."

லாக் புக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஐந்தாவது வாரத்தில், கல்யாணத்துக்குப் போனதால் சாயங்காலம் அளந்தோம் என்று இருந்தது. அன்றைக்கு இரண்டு கிணறுகளில் நீர்மட்டம் திடீரென்று மூன்றடி கீழே. பக்கத்திலேயே பென்சிலில், "மோட்டார் ஓடியதா என்று கேட்கவில்லை." அடுத்த இரண்டு ஞாயிறும், ஒருத்தி மட்டும் அந்த ஒரு கிணற்றில், மோட்டார் நிறுத்தியதிலிருந்து மணிக்கு ஒரு தடவை அளந்திருக்கிறாள். தண்ணீர் எவ்வளவு நேரத்தில் பழைய மட்டத்துக்கு ஏறுகிறது என்று பார்க்க. யாரும் சொல்லித் தரவில்லை. கிணறு எவ்வளவு வேகமாக ஊறுகிறது என்பதை நிலத்தடி நீர் ஆட்கள் இதே மாதிரிதான் சோதிப்பார்கள்.

அந்த மூன்று வாரம்தான் வெட்டப்பட்டது. அறிக்கையில் மிச்சம் இருந்தது, ஜூலையில் மட்டம் கீழே, செப்டம்பரில் கொஞ்சம் மேலே என்ற ஒரு கோடு. பிறகு நாடகம், துண்டுப் பிரசுரம், விழிப்புணர்வு. சேர்த்தே ஆகணும் என்று சொல்லிப் பார்த்தேன். அச்சடித்தாயிற்று என்றார்கள். குழு மாவட்டச் சுற்றைத் தாண்டவில்லை. நடுவர் லாக் புக்கைப் புரட்டினாரா என்று கேட்டேன். "முதல் பக்கம் பார்த்துட்டு சைன் போட்டாரு."

ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவருக்குப் பதிலுக்குப் பதில் தயாராக இருக்கும் அறிக்கை வேண்டும், ஏனென்றால் நடுவர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள். என் தொழிலில் ஒரு புரோகிராமர் நல்லவரா என்று தெரிய, ஓடும் மென்பொருளை மட்டும் பார்க்க மாட்டோம். எதை எப்போது மாற்றினார், ஏன் மாற்றினார், எந்த மாற்றத்தைத் திரும்ப எடுத்தார் என்ற வரலாறு கோடுடனேயே சேமிக்கப்பட்டிருக்கும். அதை முதலில் திறப்போம். இந்த மாநாட்டின் விதிகளை எழுதியவர்கள் அந்த வரலாற்றைக் கட்டாயமாக்கும் அளவுக்கு யோசித்திருக்கிறார்கள். அதைத் திறந்து பார்க்கும் ஐந்து நிமிடத்தை நடுவருக்கு ஒதுக்கவில்லை. நாற்பது குழு வரும் நாளில் அவரும் என்ன செய்வார்? போஸ்டர் கண்ணில் படும், பேச்சு காதில் விழும்.

குழு விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். முன்பெல்லாம் ஐந்து பேர் குழு, பிறகு இரண்டு பேர் ஆக்கினார்கள். ஐந்து பேர் இருந்த காலத்தில் தேசிய அரங்குக்குப் போனது குழுத் தலைவர் ஒருவர்தான். தலைவர் யார் என்பதைப் பள்ளிகள் எப்படி முடிவு செய்கின்றன என்று உங்களுக்கே தெரியும்: நன்றாகப் பேசும் பிள்ளை. கிணற்று நோட்டில் மணிக்கணக்கான அளவுகள் எல்லாம் ஒரே கையெழுத்து. மேடையில் பேசியது மற்றவள். "அந்தச் சாயங்காலம் என்ன நடந்தது?" என்று ஒரு நடுவர் கேட்டிருந்தால், பேசாத பெண்ணிடம் அரை மணி நேரத்துக்கு விஷயம் இருந்தது.

இப்போது யாராவது கூப்பிட்டால் நான் கிராஃபுக்கு முன்னால் நோட்டைக் கேட்கிறேன். பிள்ளைகளிடம் மூன்று விஷயம்தான் சொல்கிறேன். தப்பாக வந்த அளவை அடித்துவிடாமல் பக்கத்தில் காரணம் எழுதுங்கள், காரணம் தெரியாவிட்டால் தெரியவில்லை என்றே எழுதுங்கள். போஸ்டர் நான்கில் ஒன்றை அந்தத் தப்புக்கே கொடுங்கள், நடுவர் கண் அங்கேதான் போகும். அளந்தவர் யாரோ அவரே அந்தப் போஸ்டரைப் பற்றிப் பேசட்டும், மற்றவர் பேச்சுப் போட்டியில் ஷீல்டு வாங்கியவராகவே இருந்தாலும். போன வருடம் ஒரு அப்பாவுக்கு மூன்றாவது பிடிக்கவில்லை. நேராகச் சொன்னார், "சார், ஜெயிக்கணும்ல?"

அந்த மணிவாரி அளவுகளை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். ஜூலை கடைசியில் அந்தக் கிணறு பழைய மட்டத்துக்கு வர ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. மழைக்குப் பிறகு, டிசம்பரில், எவ்வளவு ஆகும் என்று யாரும் அளக்கவில்லை. அதற்குள் மாநாடு முடிந்துவிட்டது. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் பக்கம் உறைக்கிணறு இன்னும் மூடாமல் வைத்திருப்பவர்கள், இந்த டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார் நிறுத்திய நேரத்தையும் அதற்குப் பிறகு மணிக்கு ஒரு அளவையும் எழுதித் தந்தால், அந்தப் பெண்ணிடம் கொண்டு போய்க் கொடுப்பேன். இப்போது பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள்.