என்ன சொன்னான்?

நல்ல டாக்டர், நல்ல ஜோசியர், நல்ல காமெடி சீரியல். இந்த மூன்றையும் யாருக்கும் சிபாரிசு செய்யக் கூடாது. டாக்டர் சரிப்படாவிட்டால் 'கைராசி இல்லை' என்று விட்டுவிடுவார்கள். ஜோசியர் சொன்னது பலிக்காவிட்டால் 'நம்ம நேரம்' என்பார்கள். சீரியலுக்குச் சிரிப்பு வராவிட்டால் மட்டும் பழி சிபாரிசு செய்தவன் தலையில்தான்.

அனுபவத்தில் சொல்கிறேன். எங்கள் மேற்கு மாம்பலம் ஃபிளாட்டில் மேல் மாடி மாமா ஒரு நாள் லிஃப்டில் பிடித்துக்கொண்டார். "பத்திரிகைலல்லாம் எழுதறேள். சிரிக்கறாப்ல இங்கிலீஷ் சீரியல் ஒண்ணு சொல்லுங்கோளேன். பேரன் போட்டுக் குடுத்துடுவான்."

விடுவேனா? 'ஃபால்டி டவர்ஸ்' என்றேன். ஜான் கிளீஸ் நடத்தும் அந்த உருப்படாத ஹோட்டல். 1975-ல் ஆறு, 1979-ல் ஆறு, மொத்தமே பன்னிரண்டு எபிசோடுதான். சிறந்த சிட்காம் என்று யார் பட்டியல் போட்டாலும் அது இல்லாமல் இருக்காது.

அடுத்த வாரம் அதே லிஃப்ட். மாமா முகத்தில் சுரத்தே இல்லை. "அந்த மனுஷன் ஏன் எப்பப் பாத்தாலும் கத்திண்டே இருக்கான்? அந்த ஸ்பெயின் பையன் பாவம், பாஷை தெரியாம பொழைக்க வந்திருக்கான். அவனைப் போய் மண்டைல போடறான். எனக்கு பி.பி. ஏறிடுத்து."

ரசனை அவ்வளவுதான் என்று மனசுக்குள் ஒரு முத்திரை குத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். சாப்பிடும்போதுதான் ஞாபகம் வந்தது. மாமா இருபத்தோரு வயதில் பம்பாய்க்கு வேலைக்குப் போனவர். ஒரு வார்த்தை இந்தி தெரியாமல் மாதுங்காவில் நாலு பேரோடு ஒரு ரூமில் இருந்து, ஆபீஸில் எல்லாரும் சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமல் தானும் சிரித்ததை அவரே சொல்லியிருக்கிறார். நான் மானுவேலைப் பார்த்துச் சிரித்தேன். மாமா மானுவேலின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

இதில் வேடிக்கை, ஸ்பெயின்காரர்களுக்கும் இதே பிரச்னை. அந்த சீரியலை அங்கே டப் செய்தபோது மானுவேலை இத்தாலிக்காரனாக மாற்றிவிட்டார்கள். அடி வாங்குகிறவன் பக்கத்து ஊர்க்காரன் என்றால் சிரிப்பதில் சிரமம் இல்லை, பாருங்கள்.

இன்னொரு சம்பவம். ஆபீஸில் கல்கத்தாவிலிருந்து வந்த நண்பருக்கு 'மைக்கேல் மதன காமராஜன்' போட்டுக் காட்டினேன், வரிக்கு வரி மொழிபெயர்ப்போடு. 1990-ல் வந்த படம். கல்யாண வீட்டு சாம்பாரில் மீன் விழுகிற காட்சிக்கு நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரள்கிறேன். அவர் பொறுமையாகக் கேட்டார்: "சாம்பாரில் மீன் விழுந்தால் நல்லதுதானே?" வங்காளத்தில் கல்யாணத்துக்கு மீனை அலங்காரம் செய்து சீராக அனுப்புவார்கள். அவர்களுக்கு அது மங்களகரம். தப்பு எது என்று முன்கூட்டியே தெரிந்தவனுக்குத்தான் தப்பு நடக்கும்போது சிரிப்பு வரும். ஐயர் சமையல்காரர், மாம்பலத்துப் பந்தி, அந்த அண்டா சாம்பார் இதெல்லாம் தெரியாதவருக்கு அது வெறும் மீன் குழம்பு.

'சாராபாய் வெர்சஸ் சாராபாய்' பற்றியும் ஒரு வார்த்தை. 2004-ல் ஸ்டார் ஒன்னில் ஆரம்பித்து 2006-ல் முடிந்தது. ஒளிபரப்பானபோது ரேட்டிங் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. முடிந்த பிறகுதான் ஆளாளுக்குத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். தென் பம்பாய் சீமாட்டி மாயா, மருமகள் மோனிஷாவை 'மிடில் கிளாஸ்' என்று சொல்லிச் சொல்லியே குத்துவாள். ரத்னா பாடக் ஷா அந்தச் சொல்லை ஏதோ அழுகிய காயைத் தூக்கிப் போடுவதுபோல உச்சரிப்பார். பிரமாதமான நடிப்பு. ஆனால் துணிக்கடைப் பையைக் கடாசாமல் மடித்து பீரோவுக்கு மேல் வைக்கிற தெருவில் உட்கார்ந்து அதைப் பார்த்தால், சிரிப்போடு லேசாக ஒரு எரிச்சலும் வரும். நாமெல்லாம் மோனிஷா கட்சி. எனக்கு அந்த எரிச்சல் பிடித்திருந்தது. என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. "காசு குடுத்து ஏன் திட்டு வாங்கணும்?"

சரி, அப்பா விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றியதே அதற்காகத்தான்.

அப்பா ஏ.ஜி. ஆபீஸில் இருந்தவர். எண்பதுகளில் சபா நாடகம் ஒன்றையும் விட்டதில்லை. காத்தாடி ராமமூர்த்தி, எஸ்.வி.சேகர், எல்லாருக்கும் மேலே கிரேஸி மோகன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துரைசாமி சப்வேயைத் தாண்டி எங்களை வாணி மகாலுக்கு நடத்தியே கூட்டிக்கொண்டு போவார். திரும்பி வரும்போது பாதி வசனத்தைத் தானே பேசிக் காட்டுவார்.

கிரேஸி மோகன் கிண்டியில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர். 1976-ல் எஸ்.வி.சேகரின் குழுவுக்கு 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதினார். அந்தக் 'கிரேஸி' பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1979-ல் சொந்தக் குழு. 2019 ஜூனில் அவர் காலமாகும்வரை நாற்பது வருஷம் அதே வேகம். வேகம்தான் முக்கியம். அவருடைய நாடகத்தில் கதை கிடையாது என்பார்கள். கிடையாதுதான், ஒரு ஆள்மாறாட்டமும் ரெண்டு பொய்யும் போதும். சிரிப்பு முழுக்கக் காதில் இருந்தது. ஒருத்தர் விட்ட வார்த்தையின் வாலை அடுத்தவர் பிடித்து வேறு எங்கோ இழுத்துக்கொண்டு போவார், மூன்றாவது ஆள் அதை இன்னொரு பக்கம் திருப்புவார். பாதி வார்த்தையை விட்டால் மூன்று ஜோக் போச்சு. அவரை மொழிபெயர்க்க முடியாது என்பதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். தமிழ் தெரிந்ததற்கு ஒரு போனஸ் என்றே வைத்துக்கொள்ளலாம்.

தொண்ணூறுகளின் நடுவில் அப்பா நாடகத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். கேட்டால், "முன்ன மாதிரி இல்லைடா. எல்லாம் கடி ஜோக்." நான் அப்போதுதான் கேபிளில் அமெரிக்க சீரியல்களைக் கண்டுபிடித்து, உள்ளூர்ச் சரக்கெல்லாம் மட்டம் என்று நம்ப ஆரம்பித்திருந்தேன். அப்பாவுக்கும் ரசனை உயர்ந்துவிட்டது என்று உள்ளூர சந்தோஷம்கூடப் பட்டேன்.

கடைசியாகப் போன நாடகத்தில் அவருக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் நான். அம்மாவிடம் குனிந்து "என்ன சொன்னான்?" என்று கேட்டார். அம்மா சொல்லி முடிப்பதற்குள் ஹால் மறுபடி சிரித்தது. "இப்ப என்ன சொன்னான்?" முன் வரிசையில் ஒருவர் திரும்பி முறைத்தார். அப்பா அதற்கப்புறம் கேட்கவில்லை. மற்றவர்கள் சிரிக்கும்போது தானும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், மாதுங்கா மாமா மாதிரி. நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. காது டாக்டரிடம் போனது நாலு வருஷம் கழித்து. அன்றைக்கு வாங்கிய மிஷினோ எல்லாச் சத்தத்தையும் சேர்த்துப் பெரிதாக்கியது. ஹாலே சிரிக்கும்போது அதை மாட்டிக்கொண்டு உட்கார முடியாது.

1998-ல் ராஜ் டி.வி.யில் 'ரமணி வெர்சஸ் ரமணி' வந்தது. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, 'மர்மதேசம்' எடுத்த நாகா டைரக்‌ஷன். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருக்குமே ரமணி என்று பெயர். முதல் பாகத்தில் பிருத்விராஜும் வாசுகியும், 2001-ல் வந்த இரண்டாம் பாகத்தில் ராம்ஜியும் தேவதர்ஷினியும். தமிழ் டி.வி.யில் வந்த சிட்காம்களில் எனக்கு இதுதான் முதல் இடம். வில்லி இல்லை, விக்கல் அழுகை இல்லை, ஒரு குடித்தனம், அதில் அற்ப விஷயங்களுக்கு வருகிற சண்டை. முகத்தைப் பார்த்தே பாதி புரிந்துவிடும். அப்பாவுக்கு இது சரிப்படும் என்று பக்கத்தில் உட்காரவைத்தேன். ஒரு எபிசோடு முழுக்கப் பார்த்தார். "இதான் நம்மாத்துலயே நடக்கறதே" என்று எழுந்து போய்விட்டார். அம்மா சிரித்தாள், சீரியலுக்கு அல்ல.

அவர் விழுந்து விழுந்து சிரித்தது நான் மட்டம் என்று ஒதுக்கிய ஒன்றுக்கு. சன் டி.வி.யின் 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'. நாத்தனார் மாமியார் கத்தல், தலையில் தட்டல், சுவரில் மோதல். அதில் எம்.எஸ்.பாஸ்கர் பட்டாபி என்று ஒரு வேஷம் போட்டார். காது மந்தம். நாம் ஒன்று கேட்டால் அவர் வேறொன்றுக்குப் பதில் சொல்வார். அப்பா இருக்கும்போது பட்டாபி வந்தால் எனக்கு ரிமோட்டை எடுத்து மாற்றிவிடலாமா என்று கை பரபரக்கும். காது கேட்காதவரைக் கேலி செய்வதற்கு ஒரு சீரியலா என்று ஒரு கட்டுரை எழுதக்கூட உத்தேசம் இருந்தது.

அப்பா ஒரு சனிக்கிழமை என்னிடம் சொன்னார்: "பட்டாபி ஒண்ணும் அசடு இல்லைடா. அவன் காதுல விழுந்ததுக்கு அவன் சரியாத்தான் பதில் சொல்றான். மத்தவாதான் முணுமுணுக்கறா."

பாஸ்கரின் நடிப்பு அதுதான். கேட்கவில்லை என்கிற தவிப்பே அந்த முகத்தில் இருக்காது. முழு நம்பிக்கையோடு, கொஞ்சம் மிதப்போடு பதில் சொல்வார். மாட்டிக்கொண்டு முழிப்பது எதிரே நிற்கிறவர்கள். வாணி மகாலில் அப்பாவுக்கு நடந்ததை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போட்டிருந்தார் அவர். இதைக் கவனிக்க எனக்கு அப்பா தேவைப்பட்டார். நான் அந்த சீரியலின் சத்தத்தை மட்டும் பார்த்திருந்தேன், சத்தம் கேட்காதவர் நடிகரைப் பார்த்திருந்தார்.

கட்டுரை எழுதவில்லை. மற்ற காட்சிகள் மட்டம் என்பதில் இன்றைக்கும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதற்கப்புறம் அப்பா வீட்டிலும் பட்டாபி ஆனார். கரண்ட் பில் கட்டியாச்சா என்று கேட்டால் கத்தரிக்காய் வாங்கியாச்சு என்பார். எது நிஜமாகக் கேட்காதது, எது விஷமம் என்று அம்மாவுக்கே தெரியாது.

'மிஸ்டர் பீன்' கொடுத்துப் பார்த்தேனா என்று கேட்பீர்கள். கொடுத்தேன். பேச்சே அதிகம் இல்லாததால் உலகம் முழுக்க விற்ற சரக்கு. அதே ரோவன் அட்கின்சன் வார்த்தைகளாலேயே கட்டிய 'பிளாக்ஆடர்' அவ்வளவு தூரம் பயணம் போகவில்லை. ஆனால் அப்பாவுக்கு பீன் நாலு எபிசோடோடு அலுத்துவிட்டது. காது போனவருக்கு வார்த்தை வேண்டாம் என்று நினைத்தேன். அவர் வார்த்தைக்காகத்தான் ஏங்கிக்கொண்டிருந்தார்.

இப்போது சப்டைட்டில் இருக்கிறது. அப்பாவுக்கு எண்பதை நெருங்குகிறது. போன வருஷம் அவரே தேடி 'எஸ் மினிஸ்டர்' கண்டுபிடித்துப் பார்க்க ஆரம்பித்தார். 1980-ல் பி.பி.சி.யில் தொடங்கிய சீரியல். மந்திரி ஒருத்தர், அவரை ஆட்டிவைக்கிற அதிகாரி ஒருத்தர், ஃபைல், நோட், கமிட்டி. அதில் ஒரு எபிசோடில் ஆஸ்பத்திரி ஒன்று வரும். நிர்வாகத்துக்கு ஐந்நூறு பேர், நோயாளி ஒருத்தர்கூடக் கிடையாது. அதைப் பார்த்துவிட்டு அப்பா அரைமணி நேரம் சர்வீஸ் காலத்து ஆடிட் அப்ஜெக்‌ஷன்களை ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்திச் சொன்னார். நோயாளி இல்லாததை அவர் பெரிதாக நினைக்கவில்லை. ஐந்நூறு பேருக்கும் சேங்ஷன் ஆர்டர் யார் போட்டார்கள் என்பதுதான் அவருக்கு ஜோக்.

எனக்குப் பார்க்கச் சொல்லி அவர்தான் சிபாரிசு செய்தார். ராத்திரி மூன்று பேரும் உட்கார்கிறோம். அந்த அதிகாரி மூச்சு விடாமல் ஒரு முழ நீளத்துக்கு வாக்கியம் பேசுவார். அவர் பேசி முடிப்பதற்குள் எழுத்து திரையில் வந்துவிடுகிறது. அப்பா எங்களுக்கு ஒரு விநாடி முன்னால் சிரிக்கிறார்.

அம்மாவுக்கு அவ்வளவு வேகமாக இங்கிலீஷ் படிக்க வராது. அப்பா பக்கம் குனிந்து அவர் தோளைத் தட்டுகிறாள்.

"என்ன சொன்னான்? சொல்லுங்கோளேன்."