கொல்லையில் காது வைத்தால்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கொல்லை ஐந்து சென்ட்கூட இராது. இரண்டு தென்னை, கிணற்றடியில் வாழை, ஒரு முருங்கை, கத்தரியும் தக்காளியும் வெண்டையுமாக நாலைந்து பாத்தி, வேலியோரம் நான் நடாமலே முளைத்த செடிகள். சுற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். கேட்க ஆரம்பித்தால் பொழுது போதாது! காலையில் காபி டம்ளரோடு போகிறேன், காபி ஆறிப்போகிறது. ஆறட்டுமே.

எல்லாச் சத்தத்திலும் எனக்கு உசத்தி கத்தரிப்பூவில் கேட்பதுதான். வெயில் கொஞ்சம் ஏறியதும் கருவண்டு வரும். காய்ந்த கட்டையைக் குடைந்து குடியிருக்குமே, அந்தப் பெரிய கருவண்டு. பறந்து வரும்போது அடித்தொண்டையில் ஒரு ‘ம்ம்ம்’. பூவில் இறங்கியதும் அது நின்றுவிடும். பூவை அணைத்துப் பிடித்துக்கொண்டு, இறக்கையை மடக்கியபடியே, திடீரென்று ‘ஞ்ஞ்ஞீ’ என்று மேல் ஸ்தாயியில் ஒரு பிடி பிடிக்கும் பாருங்கள்! சின்ன இடைவெளி. மறுபடி ஒரு பிடி. அடுத்த பூ.

ஏன் இந்தக் கூத்து என்றால், கத்தரிப்பூவின் மகரந்தப்பை மற்றப் பூக்களைப் போலப் பிளந்து கொட்டாது. நுனியில் சின்னத் துளை மட்டும்தான் இருக்கும். யாராவது உலுக்கினால்தான் உள்ளேயிருக்கும் தூள் வெளியே வரும். பறக்க உதவும் தசைகளையே, பறக்காமல் துடிக்கவிட்டு உலுக்குகிறது வண்டு. அடை கட்டும் தேனீக்கு இந்த வித்தை வராது. தக்காளிப்பூவும் உலுக்கினால்தான் நன்றாகக் காய்க்கும். கண்ணாடிக் குடிலுக்குள் தக்காளி வளர்த்த ஐரோப்பியர்கள் அதிர்வுக் கருவியை வைத்துக்கொண்டு பூங்கொத்து ஒவ்வொன்றாக ஆட்டிக்கொண்டிருந்தார்கள். 1980களின் கடைசியில்தான் இந்த வேலைக்கென்றே பம்பிள்பீ வண்டுகளை வளர்த்து விற்க ஆரம்பித்தார்கள். எனக்கு அந்தச் செலவு கிடையாது. என் ஆட்கள் கூலி கேட்காமல் வருகிறார்கள், பாட்டும் பாடுகிறார்கள்.

“என்னம்மா, அப்படியே நின்னுட்டே? தண்ணி ஊத்தப் போறியா இல்லியா?” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அடுத்த வீட்டு அக்கா கேட்பார்.

“ரெண்டு நிமிஷம் இருங்கக்கா, வண்டு வேலை செய்யுது.”

இப்போது அவரும் சுவரோரம் வந்து காதைக் கொடுக்கிறார். சாம்பாரில் கத்தரிக்காயைப் பார்த்தால்கூட அந்த ‘ஞ்ஞ்ஞீ’ ஞாபகம் வருகிறதாம்!

அப்புறம் குருவிகள். தையல்சிட்டு பத்து கிராம் எடைகூடத் தேறாது. முருங்கைக்குள் உட்கார்ந்து அது போடும் ‘ட்வீக் ட்வீக்’ தெருமுனை வரை கேட்கும். மாசி பிறந்தால் பின்வீட்டு அரசமரத்திலிருந்து செம்மார்புக் குக்குறுவான் ஆரம்பித்துவிடும்: டொங்க், டொங்க், டொங்க். எங்கள் ஊர்ப் பட்டறையில் செம்புத் தவலை தட்டுகிற அதே சீர், நிமிடத்துக்கு நூறு தட்டுக்குக் குறையாமல். அலகைத் திறக்காமல் தொண்டையை உப்பி உப்பியே இதைச் செய்கிறது. தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொள்வதால் சத்தம் இடம் மாறி மாறிக் கேட்கும். பச்சை இலைக்குள் பச்சைக் குருவியைத் தேடிக் கழுத்து வலிப்பதுதான் மிச்சம். குயிலைப் புகழ நாட்டில் ஆள் நிறையவே இருக்கிறார்கள். நான் பெட்டைக் குயிலின் கட்சி. அது கூவாது. ‘கிக் கிக் கிக்’ என்று அவசர அவசரமாகக் கத்தும். அது கேட்டால், தென்னை மேலிருக்கும் காக்கைக் கூட்டுக்குக் குறி வைத்தாயிற்று என்று எடுத்துக்கொள்வேன்.

கார்னெல் பறவையியல் கூடத்தின் மெர்லின் செயலியைத் தம்பி மகன் என் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறான். இலவசம்தான், கூவுகிற குருவியின் பெயரை உடனே சொல்லிவிடும், நானும் அதில் நிறையக் கற்றுக்கொண்டேன். ஆனால் என்ன குருவி என்று சொல்லுமே தவிர, ஏன் கத்துகிறது என்று சொல்லாது. அதைக் கொல்லைதான் சொல்லித்தர வேண்டும். தவிட்டுக்குருவிகள் நாள் முழுக்கச் சளசளத்துக்கொண்டு சருகைப் புரட்டும். அது வெறும் வீட்டுப் பேச்சு. அதே கூட்டம் ஒரே இடத்தைப் பார்த்து வறட்டுக் குரலில் கத்தி, மேலே அணிலும் வாலை வெட்டி வெட்டி ‘சிக் சிக் சிக்’ என்று நிறுத்தாமல் சேர்ந்துகொண்டால், கீழே பூனையோ சாரைப்பாம்போ வந்திருக்கிறது. இல்லையென்றால் மேலே வல்லூறு. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்ப்பேன். சிசிடிவி வைத்திருக்கிற வீட்டுக்காரர்களுக்கு இந்த வசதி உண்டா?

காற்றுக்கு ஒவ்வோர் இலையிலும் ஒரு குரல். தென்னங்கீற்று உரசினால் அசல் மழைதான். சென்னையிலிருந்து வருகிற பிள்ளைகள் நடுராத்திரியில் எழுந்து கொடித் துணியை எடுக்க ஓடுவார்கள். வாழைச்சருகு மொடமொடக்கும். முருங்கை மட்டும் எவ்வளவு ஆடினாலும் வாயைத் திறக்காது.

முதல் மழைக்கு ஒரு தனிச் சத்தம் இருக்கிறது, தயவுசெய்து அதைத் தவறவிடாதீர்கள்! வேலியோரம் ஊதாப் பூ பூக்கும் பட்டாசுக்காய்ச் செடி இருக்கிறதே, பள்ளிக்கூடத்தில் எச்சில் தொட்டுக் கூடப் படிக்கிறவளின் கையில் போட்டு வெடிக்க விடுவோமே, அதேதான். வைத்தியர்கள் கிரந்திநாயகம் என்பார்கள். காய்ந்த காயில் ஈரம் பட்டதும் ஒட்டு விட்டு, ‘டப்’ என்று பிளந்து விதையை வீசும். தூறல் விழுந்த சற்று நேரத்தில் வேலி நெடுக டப், டிப், டப். விதைகள் வாழையிலையில் போய்ச் சிதறுகிற சத்தம் வேறு. தீபாவளிக்கு முன்பே எங்கள் வீட்டில் தீபாவளி.

காதுக்கு எட்டாததும் உண்டு. டெல் அவிவ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2023இல் ஒரு சங்கதியை வெளியிட்டார்கள்: தண்ணீர் இல்லாமல் வாடும் தக்காளிச் செடி மணிக்கு முப்பது, நாற்பது முறை ‘டிக்’ என்று சொடுக்குகிறதாம். 40 முதல் 80 கிலோஹெர்ட்ஸ் வரையிலான சத்தம் அது. மனிதக் காது 20க்கு மேல் கேட்காது. தண்டுக்குள் நீரேறும் குழாயில் காற்றுக்குமிழி உண்டாகி உடைவதே காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். இதைப் படித்ததிலிருந்து தக்காளிப் பாத்திக்குத்தான் முதல் வாளி.

இருட்டியதும் சுவர்க்கோழி முறை. ஆண் பூச்சி முன்னிறக்கைகளை ஒன்றோடொன்று தேய்த்து எழுப்புவது அது. சூடு ஏற ஏற வேகம் கூடும். அதை எண்ணியே வெப்பநிலையைக் கணக்கிடலாம் என்று 1897லேயே அமெரிக்காவில் டோல்பேர் என்ற இயற்பியல் பேராசிரியர் சூத்திரம் எழுதிவிட்டார். சித்திரையில் ஒரே ரீங்காரமாக இழைகிறது. மார்கழி ராத்திரியில் விட்டு விட்டு இழுக்கிறது. நடுவே பல்லி ‘த்ச் த்ச்’ என்று ஏதோ சொல்லும். பலன் பார்க்கிற வேலையை மாமியாரிடம் விட்டுவிட்டேன்.

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாரும் ஓரம்போக வேண்டியதுதான். கிணற்றடித் தொட்டிக்கு மரத்தவளைகள் வந்துவிடும். பகலில் குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு பரமசாதுவாக இருந்ததுதான் இப்போது ‘டக் டக் டக் டக்’ என்று கட்டையால் தட்டுகிறது. ஒன்று நிறுத்தினால் இன்னொன்று எடுக்கும். வாழைப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீரிலிருந்து தேரைகளும் சேர்ந்துகொள்ளும். காலையில் தொட்டி விளிம்பில் வெள்ளை நுரைப் பந்து தொங்கும். உள்ளே அத்தனையும் முட்டை. தலைப்பிரட்டைகள் தண்ணீரில் விழும்வரை அந்தத் தொட்டியைக் கழுவக் கூடாது என்பது வீட்டில் என் சட்டம். வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே டிவி வால்யூமைக் கூட்டுகிறார். கூட்டட்டும், தவளைகள் அதற்கும் மேலே போகின்றன!