சன்னலை அளந்தால் போதுமா?

தமிழ்நாட்டில் காற்று வலுவாகப் பாயும் கணவாய்கள் நான்கு. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகியவற்றோடு நான்காவதாக எண்ணப்படுவது கம்பம் கணவாய். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்கிலிருந்து இப்பள்ளத்தாக்கில் இறங்கும் காற்றை நம்பித்தான் ஆண்டிபட்டி, கண்டமனூர் பக்கம் காற்றாலைகள் எழுந்தன. இத்தகைய வட்டாரத்தில் ஆஸ்பத்திரிக்குள் காற்று போதவில்லை என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அது நடக்கக்கூடியதே. அதை நாம் கண்டுகொள்ளாமற் போவதற்குக் கையிலுள்ள அளவுகோலும் ஒரு காரணம்.

அந்த அளவுகோல், மத்திய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் 2010 ஏப்ரலில் வெளியிட்ட காற்றுவழித் தொற்றுத் தடுப்பு வழிகாட்டி. காசநோயை முன்வைத்து எழுதப்பட்ட ஏடு இது. இருமல், சளிக் காய்ச்சல் எதுவாயினும் அதன் முறைகள் பொருந்தும்.

முதலில் அதன் நல்ல பகுதியைச் சொல்லிவிடவேண்டும். தடுப்பு முறைகளை அது வரிசைப்படுத்தியிருக்கும் விதம் மிகச் சரியானது. இருமுபவரை வரிசையிலேயே அடையாளம் கண்டு, முதலில் பார்த்து அனுப்பிவிடுவது முதற்படி. காற்றோட்டம் இரண்டாம் படி. முகக்கவசம் கடைசிப் படியே. நம் சுவரொட்டிகள் இதைத் தலைகீழாக்கிவிட்டன! இந்த வரிசைக்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆய்வில், சானடோரியத்தில் சேர்க்கப்பட்டவர்களின் குடும்பத்தாரைவிட, வீட்டிலிருந்தபடியே மருந்து உண்டவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவில்லை எனத் தெரிந்தது. ஆகவே, மருந்து தொடங்கிவிட்ட நோயாளியைவிட, இன்னதென்று தெரியாத இருமலோடு ஓ.பி. சீட்டுக்காக நிற்பவரே கவலைக்குரியவர். ஏலத்தோட்ட வேலைக்குப் போடிமெட்டும் கம்பம்மெட்டும் ஏறி இறங்கும் ஜீப்பில் நெருக்கியடித்து வந்தவராகவும் அவர் இருக்கலாம். அந்த ஜீப்பைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.

இனி, குறைக்கு வருவோம். காற்றோட்டத்தை அளக்க இந்த ஏடு பயன்படுத்துவது, 'மணிக்கு எத்தனை முறை அறையின் காற்று மாறுகிறது' என்னும் கணக்கு. புறநோயாளர் பிரிவுக்கு 6 முறை, காசநோய் வார்டு போன்ற இடங்களுக்கு 12 முறை என்பது அதன் விதி. இதன் பயன் பெரிது. மணிக்கு 12 முறை காற்று மாறும் அறையில், இருமியவர் எழுந்து போன பின் மிதந்துகொண்டிருக்கும் கிருமித் துகள்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நீங்க 23 நிமிடம் பிடிக்கும். 6 முறையானால் 46 நிமிடம். 2 முறையே மாறினால் இரண்டேகால் மணி நேரத்துக்கும் மேல். இதற்குச் சன்னல் போதும் என்பதும் உண்மையே. பெரு நாட்டின் லிமா நகர ஆஸ்பத்திரிகளில் செய்து 2007-இல் வெளியான ஆய்வில், சன்னலும் கதவும் திறந்த அறைகளில் மணிக்கு 28 முறை காற்று மாறியது. இயந்திரக் காற்றோட்டம் வைத்த அறைகளுக்குக் கொண்ட கணக்கு 12 மட்டுமே. உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட பழைய கட்டடங்கள் புதியவற்றை வென்றன.

ஆனால் இந்தக் கணக்கு எண்ணுவது அறையை, ஆட்களை அல்ல. 20 அடி நீளம், 15 அடி அகலம், 10 அடி உயரமுள்ள ஒரு காத்திருப்பு அறையை எடுத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 6 முறை என்றால் விநாடிக்குச் சுமார் 142 லிட்டர் புதுக்காற்று வருகிறது. இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கு 71 லிட்டர். திங்கட்கிழமைக் கூட்டத்தில் 40 பேர் அடைந்தால் ஆளுக்கு மூன்றரை லிட்டர். விதிப்படி இரு நாளும் 'தேர்ச்சி'தான்! உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட இயற்கைக் காற்றோட்ட நூலோ, புறநோயாளர் பிரிவில் ஒரு நோயாளிக்கு விநாடிக்கு 60 லிட்டர் என்கிறது. அதன்படி நம் அறை இரண்டு பேருக்கே போதும். ஓராண்டு இடைவெளியில் வந்த இரு ஏடுகளுக்கிடையே இத்தனை தூரம். வெளியூர் நூலின் எண்ணை நம் கூட்டத்தில் எட்டுவது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஆளை எண்ணும் அதன் முறையே சரியானது.

மற்றொரு குறை நேரம் பற்றியது. திறக்கும் சன்னல்களின் பரப்பு, தரைப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு, எதிரெதிர்ச் சுவர்களில் இருக்கவேண்டும் என்ற விதி கட்டடத்துக்குப் பொருந்தும்; காலத்துக்குப் பொருந்துவதில்லை. ஆடியில் காற்று புழுதியையும் சாரலையும் வாரிக்கொண்டு வருவதால் சன்னலைச் சாத்துகிறோம். மார்கழியில் குளிருக்கும் கொசுவுக்கும் சாத்துகிறோம். பங்குனியில் திறந்து வைத்தாலோ இலைகூட அசைவதில்லை. இப்பள்ளத்தாக்கின் ஒரு ஆஸ்பத்திரியில் பங்குனி மாலையொன்றில் ஊதுவத்தி கொளுத்திப் பார்த்தேன். இரு பக்கமும் சன்னல் திறந்திருந்தும் புகை நேராக மேலே போய், செவிலியர் மேசைக்கு மேல் தங்கியது. நோயாளி அரைமணியில் போய்விடுவார். செவிலியர் எட்டு மணி நேரம் அங்கேதான்.

இவ்விரு குறைகளையும் ஒருங்கே காட்டும் கருவி உண்டு: கரியமிலவாயு அளவி. வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு இருக்கும் அவ்வாயு, நம் மூச்சினால் அறைக்குள் கூடுகிறது. ஆளுக்கு 60 லிட்டர் கிடைத்தால் 500-ஐ ஒட்டி நிற்கும். மூன்றரை லிட்டரானால் 1,800-ஐத் தொடும். ஆள் கூடினாலும் ஏறும், காற்று நின்றாலும் ஏறும். வழிகாட்டியை மறுபடி எழுதுபவர்கள் கைக்கடக்கமான இக்கருவியை ஓ.பி. மேசைமீது வைக்கச் சொல்லவேண்டும். சோதனை நாளையும் குறித்துவிடலாம்: ஆடிக் காற்றில் அல்ல, பங்குனியில், திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு.